பழ ஈக்களுக்குக் கூழ்

பழ ஈக்களுக்குக் கூழ் காய்ச்சுவதில் எனக்கு நல்ல கை. சோளமாவு அடிப்பிடிக்கக் கூடாது, கட்டி தட்டக் கூடாது, குப்பியின் அடியில் விரலளவு உறைய வேண்டும். விலங்கியல் பேராசிரியராக ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஆய்வகத்தில் அதைப் பிறரிடம் விட்டதில்லை. விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும் என்னிடம் படித்தவர்கள். உங்களுக்குத் தெரியும்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் இடம். என் மகனும் விண்ணப்பித்தான், மருமகளும் விண்ணப்பித்தாள். இடம் அவளுக்குக் கிடைத்தது. அவள் வளர்த்த ஈக்கள் சாதாரண ஈக்களைவிட இரு மடங்கு காலம் உயிரோடிருந்தன. அந்த ஈக்களோடுதான் அவளை வரச் சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. திறமையை மதிப்பவன் நான்.

அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "கவலையே படாதீங்க மாமா, உங்க பையனுக்கும் அங்க ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன். பிறக்கப்போற குழந்தைக்குத் துணி மாத்தற வேலை. நிரந்தரப் பணி."

"சம்பளம் உண்டா?" என்று கேட்டு என் மகனும் சிரித்தான்.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். என் அப்பா பேராசிரியர், நான் பேராசிரியர். அந்த வரிசையில் வந்தவன் பெண்டாட்டிக்குப் பின்னால் பெட்டி தூக்குவதா? கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபத்தில் கை நடுங்கும். இது கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை.

பிரசவத்துக்குப் போகும்போது குப்பிகளை என்னிடம் ஒப்படைத்தாள். "வேற யார் கையும் படக் கூடாது மாமா. நீங்க பாத்துக்கங்க." பார்த்துக்கொண்டேன். வேளை தவறாமல் கூழ் மாற்றினேன். மாற்றும்போது ஒவ்வொரு குப்பியிலும் சாதாரண ஆண் ஈக்கள் சிலவற்றை விட்டேன். அவளுடைய ஈக்களின் அதே கண் நிறம் உள்ளவையாகப் பொறுக்கி எடுத்தவை. வம்சம் கலந்தது அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் குப்பிகளைத்தான் அனுப்பினாள். அங்கே அவை எல்லா ஈக்களையும் போலச் செத்தன. பொய் முடிவு எழுதியவள் என்றார்கள். வேலை போயிற்று. பட்டத்தைப் பறிக்கும் பேச்சு உங்களிடம் வந்தது.

"எங்க தப்பு பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்க மாமா" என்று கைக்குழந்தையோடு வந்து நின்றாள். தினமும் கூடவே உட்கார்ந்தேன். உயிரோடிருக்கும் ஈயைத் தேடுகிறவள் செத்த ஈயைத் தன்னையறியாமலே எண்ணாமல் விட்டிருக்கக்கூடும் என்று பொறுமையாக விளக்கினேன். விளக்க விளக்க நம்பிவிட்டாள். குழந்தை அழும், பால் கொடுக்கத் தோன்றாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். போன வாரம் உங்கள் முன்னால் வந்து, "நான்தான் செஞ்சிருப்பேன்" என்றாள்.

அதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நேற்று நீங்கள் ஒட்டிய அறிவிப்பில் எங்கள் குடும்பப் பெயரைப் போட்டு, பக்கத்தில் மோசடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் அப்பாவின் பெயர். கல்யாணத்தில் நாங்கள் அவளுக்குக் கொடுத்தது.

ஆகவே வந்தேன். ஈக்களைக் கலந்தது நான். அறிவிப்பைத் திருத்துங்கள். அவளிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் வீண் மனத்தாங்கல் வரும். திருத்தத்தின் முதல் வரி மட்டும் நான் சொல்கிறபடி இருக்கட்டும்: எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் ஆய்வில் பொய் செய்ததில்லை.