எண்பதைத் தாண்டினால் ஆடும் கார்

பெயர் கோதண்டபாணி, வயது 74, தகப்பனார் பெயர் அரங்கநாதன், மந்தைவெளியில் குடியிருப்பு, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். வரிசை தவறிவிடுவேனோ என்ற பயத்தால் சொல்லப்போவதை முதலில் தெரிவிக்கிறேன்.

1. என் கார் வேகத்தில் ஆடும் என்பது.
2. அதைச் சரிசெய்யப் பட்ட பாடு.
3. விபத்தின்போது வேகம் அறுபதைத் தாண்டவில்லை என்பது.
4. ஆகவே டிரைவர் லாரன்ஸைக் கைது செய்தது நியாயமில்லை என்பது.

சென்ற மழையில் வேளச்சேரியில் தண்ணீருக்கடியில் தெரியாமல் கிடந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. அதன் பிறகு எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. தி.நகர் மெக்கானிக் அசோகனிடம் காட்டினேன். அவர் சக்கரங்களை பேலன்ஸ் செய்து ஈயக்கட்டி ஒட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. அதன் பிறகு டயர்களை மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் பாண்டி பஜார் நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பூ மாதிரி போவுது, எங்க ஆடுது?" என்பார். அங்கே நாற்பதுகூடப் போக முடியாது. "எம்பதுல போனாத்தான ஆடுது? இந்த வயசுல உனுக்கு இன்னா சார் அவசரம்?" என்றதும் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு, ஆடுவது காரா என் கையா என்று சந்தேகம் வந்து, வீட்டில் தண்ணீர் டம்ளரைப் பிடித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு, ஆட்டத்தைப் போனில் வீடியோ படம் எடுத்து அசோகனிடம் காட்டுவதற்காக, ஞாயிறு காலை லாரன்ஸுடன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். வேகம் அறுபதுக்குள் இருந்தது. பாலவாக்கம் தாண்டியதும் ஸ்டியரிங் பலமாக நடுங்கியது. லாரன்ஸ், "சார், கையில நிக்கல" என்று சொல்லி பிரேக் பிடித்தார். கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் இளநீர் வண்டியில் மோதியது. இளநீர் விற்ற தங்கம் என்ற அம்மாளுக்குக் கால் முறிந்தது. அந்த அம்மாள் விழுந்த இடத்திலிருந்தே, "என் கத்தி எங்க கீது பாருங்க, யாராவது மிதிச்சிடப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு காரைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர், முன்சக்கரத்தின் ரிம் உட்பக்கம் நெளிந்திருப்பதைக் காட்டினார். அதே ரிம்மில்தான் அசோகன் புது டயரை மாட்டியிருக்கிறார்.

மேற்கண்டதைக் காவலர் படித்துக் காட்டக் கேட்டேன். எண்பதுக்குக் கீழே என் கார் ஆடாது என்று நானே சொல்லியிருக்கிறேன், அன்று ஆடியது. ஆகவே மூன்றாவதாகச் சொன்னது தவறு. வேகம் தொண்ணூறு இருக்கும். அறுபதில் போய்க்கொண்டிருந்த லாரன்ஸிடம், "இன்னும் கொஞ்சம் போப்பா, படத்துல ஆட்டம் தெரியல" என்று சொன்னது நான். அவர் "வேணாம் சார்" என்றார். மறுபடியும் சொன்னேன். இரண்டு பேர் குரலும் அந்த வீடியோவில் பதிவாகியிருக்கின்றன. போனை ஒப்படைக்கிறேன்.

இந்தத் திருத்தத்தோடு, மற்றவை நான் அறிந்தவரை உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. கோதண்டபாணி