அடுக்கம் ரோட்டில் ஒரு பச்சைக் கிளை

எங்கள் ஊர்க் குளிருக்குப் பீரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி வாசலில் வைத்தால் போதும். வருகிற டூரிஸ்டுகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. குடித்த பிறகு நம்புவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சி விருந்தாளிகளுக்கு ஊற்றியது குற்றம்தான் சார். அதற்குத் தனியாக ஒரு தாள் போடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என் பெயர் செந்தில்வேல். கொடைக்கானல் மலையில் வில்பட்டியில் பூண்டு விவசாயம், கூடவே மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே. அறுவடை முடிந்ததும் மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டுப் புகை போடுவோம். அந்தப் புகையிலேயே பார்லியையும் காயவைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றியது எனக்கு. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

ஜெயமுருகன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அப்போது கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். நாலு வருஷம் இருவரும் அந்தக் கொட்டகையில் கண்ணெரிய உட்கார்ந்து, முளைகட்டிய பார்லிக்குப் புகை போட்டு, மரத்தக்காளி சேர்த்துப் பார்த்து, எத்தனையோ பானையைக் கீழே கொட்டி, கடைசியில் ஒரு ருசியைப் பிடித்தோம். நாக்கில் முதலில் புகை, அப்புறம் புளிப்பு. அன்றைக்கு அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். செய்முறை எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு, ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று பெங்களூர் போனான்.

வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, அவன் அங்கே ஆரம்பித்த பீர்க் கடையைப் பற்றி யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். மலையில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது இந்த ருசி தனக்குத் தோன்றியதாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். தனியாகவாம். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பெண்டாட்டி ஓடிப்போனவன்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். பீர் ஓடிப்போனதை யாரிடம் சொல்வது?

போன மாதம் அவனே வந்தான், லீவுக்கு, மனைவி சண்முகப்பிரியாவோடு. அந்தம்மா பழனிக்காரர், அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை. "ஏலே செந்தில், ரூம் இருக்கா?" என்று நேற்றுப் போனவன் மாதிரி கேட்டான். கொடுத்தேன். பழைய நோட்டைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை எடுப்பான் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு சமைத்தேன். பட்டர் பீன்ஸ் குழம்பு, பூண்டு ஊறுகாய், கேப்பைக் களி, நாட்டுக்கோழி. அந்தம்மா ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வதென்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். அவன் ஃபோட்டோ எடுத்தான்.

மூன்றாம் நாள் மதியம் பீரை வைத்தேன். அந்தம்மா குடிக்க மாட்டார். அவன் ஒரு மடக்கு குடித்து, வாயில் உருட்டி, அவரிடம் சொன்னான்: "நம்ம பீரு மாதிரியே பண்ணப் பாத்திருக்கான். புகைதான் தூக்கலா கெடக்கு."

"எங்கண்ணே இதக் கத்துக்கிட்டீங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் அவசரமே இல்லாமல் வாயைத் துடைத்துக்கொண்டான். "எங்கிட்டத்தான், வேற எங்க? ஏலே, பேசாம நம்ம கடைக்கு வந்துரு. ஒனக்கு ஒரு சோலி போட்டுத் தாரேன்."

நானும் சிரித்தேன். இன்னொரு பாட்டிலைத் திறந்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் பெரியகுளத்தில் அந்தம்மாவின் சித்தி வீட்டுக்கு இறங்க வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் லீவு நாள் நெரிசல். அடுக்கம் வழியாகப் போங்கள் என்று சொன்னது நான்தான். காலையில் வெள்ளனே கோழி வாங்க அடுக்கத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கு மேலே ஒரு வளைவில், ராத்திரி மழையில் ரோட்டுக்கு அடியில் மண் சரிந்திருந்தது. மேலே தார் அப்படியே இருந்தது. பள்ளத்துப் பக்கம் அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பைக்கை மலைப்பக்கம் ஒட்டித் தள்ளிக்கொண்டு போய் வந்தேன். எங்கள் மலையில் எச்சரிக்கை போர்டு வர நாலு நாளாகும், அதற்கு முன் கிளை வந்துவிடும். அடுக்கத்து ஆட்கள் ஒரு பச்சைக் கிளையை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தால் இங்கே யாரும் அதற்கு மேல் வண்டியை நகர்த்த மாட்டார்கள்.

சாப்பிட்டதும் இருவரையும் தூங்கச் சொல்லிவிட்டு, பைக்கில் போய் அந்தக் கிளையை ஓரமாக இழுத்துப் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். திரும்பி வந்து டீ போட்டு எழுப்பினேன். குடித்தவன் கையில் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். "நீங்களே ஓட்டுங்கம்மா" என்றேன். அவருக்குப் பிடித்த பூண்டு ஊறுகாயில் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்பினேன்.

இருட்டுவதற்குள் மறுபடி போய், புதிதாக ஒரு கிளையை வெட்டிக் குறுக்கே போட்டேன். பால் வண்டி வருகிற ரோடு அது. வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது. பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை. தார் உடைந்திருந்தது, அதுவே போதும். இருவருமே பிழைக்கவில்லை என்பதை மறுநாள் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை சார். யாரை நம்பிக் கல்யாணம் செய்துகொள்கிறோம் என்பதை மட்டும் அவர் கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கலாம்.

அந்த ஃபோனைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், ஐந்தேகாலுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். கிளையை எடுத்ததோடு சரி என்று சற்று முன் சொன்னேன். அது முழு உண்மையில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணே, இங்க வளைவுல பச்சைக் கெளை ஒண்ணு ஓரமாக் கெடக்குதுங்க. இவரு நல்லாத் தூங்குறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு. திரும்பி வந்துரட்டுமா?"

பழனி டவுனில் வளர்ந்தவருக்குக் கிளையின் அர்த்தம் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காரை நிறுத்திவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"காலையில நான் அந்த வழியாத்தாம்மா வந்தேன். ரோட்டச் சரி பண்ணியாச்சு, அதான் கெளைய எடுத்துட்டாங்க. மலைப்பக்கம் கல்லு உருளும். பள்ளத்துப் பக்கம் ஒட்டியே மெதுவாப் போங்க" என்றேன்.

"சரிங்கண்ணே. ரொம்ப நன்றிங்க" என்றார்.

அத்தனை வருஷத்தில் ஜெயமுருகன் ஒரு தடவைகூட எனக்கு நன்றி சொன்னதில்லை சார்.