ஓசி ஆஸ்பத்திரிக்கும் வசதி வேண்டும்

"ஓசி ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு நமக்கு வசதி இல்லம்மே."

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் இருமலுக்கு நடுவே இப்படிச் சொன்னார். குடகு காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்குத் திரும்புகிறார். வழியனுப்ப வந்த மனைவியின் மடியில் அவருடைய மூட்டை இருந்தது.

"ஓசிக்கு இன்னாய்யா வசதி?"

"அங்க ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி கெடையாது. மேஸ்திரிக்கு மாசச் சம்பளம், பைக்கு வேற. மாசாமாசம் போயி மாத்திர வாங்கியாறாரு. இருமல் தாங்காம அதுல ரெண்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கினேன்."

"அது இருமல் மாத்திரயா?"

"பிரஷர் மாத்திர."

"அடப்பாவி! இருமல் நின்னுச்சா?"

"தல சுத்துச்சு. அதுல இருமலு மறந்துபோச்சு."

அவள் சிரித்தாள். போளூரில் அரசு ஆஸ்பத்திரி எதிரே பஸ் நின்றதும் மூட்டையோடு இறங்கிவிட்டாள்.

"ஏய், குடகுக்கு ஆள் ஏத்திக்கினு போற மேஸ்திரி வேன் போய்டும்மே! நாளைக்குக் கூலி போச்சு!"

"போவட்டும். இன்னிக்கு ஒரு நாளு நாமளும் பணக்காரங்களா இருப்போம். எறங்குய்யா."

இருமிக்கொண்டே அவரும் இறங்கினார்.