சத்தம் வந்த பக்கம்

ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. எடுக்கவில்லை. எனக்கு முன்னால் லில்லி ஓடுகிறாள். என் தம்பி டேவிட்டின் மனைவி. அவள் கையில் சப்பாத்தி மாவு ஒட்டியிருக்கிறது. தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து எல்லோரும் ஓடுகிறார்கள். எல்லோரும் ஒரே பக்கம். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம்.

"பிளாஸ்ட்டு! எந்த ஷாஃப்ட்டுடி? இன்னா ஆச்சி?"

யாருக்கும் தெரியவில்லை. 1999. மழை இன்னும் தொடங்காத ஒரு மாலை. தங்கச் சுரங்கம், மைசூர் மைன்ஸ். டேவிட் கீழே இருக்கிறான். ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிவரும் கேஜ் இன்னும் மேலே வரவில்லை.

இந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் சில நேரம் பாறை தானாக வெடித்துச் சரியும். அதைத்தான் பிளாஸ்ட் என்போம். வீட்டில் பாத்திரம் உருளும். சுவர் விரிசல் விடும். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். கேஜ் வரும். அதில் நம் ஆள் நிற்கிறானா என்று பார்ப்போம். உலகத்தில் எல்லோரும் சத்தத்தை விட்டு ஓடுவார்கள். நாங்கள் சத்தம் வந்த பக்கம் ஓடுவோம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிளாஸ்ட் என்றால் முதலில் தரை உதறும். அன்று உதறவில்லை. டம். டம். தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மண்மேட்டில் மோதி மறுபடி ஒரு டம். அவ்வளவுதான். காலில் ஒன்றும் தெரியவில்லையே என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. நினைக்க நேரம் ஏது?

டேவிட் இறங்கும் ஷாஃப்டுக்குப் போகும் வழியில் மூடிப்போன பழைய ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. அதன் கேட் திறந்திருக்கிறது. லாரி நிற்கிறது. தார்ப்பாய் பாதி கட்டியிருக்கிறது. காவல்காரர்கள் கையில் துப்பாக்கி.

"பீச்சே ஹட்டோ! பீச்சே!"

பின்னால் போ என்று அர்த்தமாம். எங்களுக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கும் கொஞ்சம் வரும். இந்தி தெரியாது. லில்லி நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

மறுபடி ஒரு சத்தம். மிகப் பக்கத்தில்.

லில்லி உட்கார்ந்தாள். விழவில்லை, உட்கார்ந்தாள். களைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "எழுந்திருடி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாவு என் கையில் வந்தது. அவள் வரவில்லை.

அந்தக் காவல்காரர்கள் வந்த கதை இது. மூடிய ஷாஃப்டின் பழைய இரும்பை ஒரு கான்ட்ராக்டர் ஏலம் எடுத்தார். பழைய வாட்ச்மேன்கள் திருட்டுக்குத் துணைபோகிறார்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டு வெளியூரிலிருந்து ஒரு தனியார் காவல்படையைக் கொண்டுவந்தார். காவலைச் சீர்திருத்துகிறார்களாம். வேலி பயிரை மேய்கிறது என்று புது வேலி போட்டார்கள். புது வேலி இன்னும் நன்றாக மேய்ந்தது. ஏலத்தில் இல்லாத செம்புக் கேபிளும் லாரி ஏறியது.

லில்லிதான் கமிட்டியை ஆரம்பித்தாள். ஐந்து பேர். அவள், நான், எங்கள் சபைப் பாஸ்டர், ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. லாரி வெளியே போகும்போதெல்லாம் ஊர்க்காரர் இரண்டு பேர் கேட்டில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க மட்டும். கான்ட்ராக்டரின் ஆட்கள் சிரித்தார்கள். அதற்குச் சில நாள் கழித்து லில்லி தானே போய் ஒரு லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் காவல்காரர்களுக்குத் தெரியும். அந்த மாலையும் கேட் அருகில் நின்றவர்களை விரட்டத்தான் முதலில் சுட்டிருக்கிறார்கள். பிளாஸ்ட் என்று நாங்கள் ஓடி வந்த சத்தம் அதுதான். வானத்தில் சுட்டோம் என்கிறார்கள். சரி. முதலில் சுட்டது வானத்தில்தான். கடைசியாகச் சுட்டது?

சங்கு ஊதுகிறது. கேஜ் மேலே வருகிறது. டேவிட் ஓடி வருகிறான். தொப்பியில் விளக்கு இன்னும் எரிகிறது.

"அக்கா, லில்லி எங்க? இன்னா எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"

கீழே இருந்தவனுக்கு ஒரு கீறல் இல்லை.

விசாரணை கோலாரில். தள்ளித் தள்ளிப் போனது. பாஸ்டருக்கு வேறு ஊர் மாற்றல் வந்தது. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். கடைக்காரர் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். வாத்தியார் பெங்களூரில் மகன் வீட்டோடு தங்கிவிட்டார். 2001இல் சுரங்கத்தையே மூடினார்கள். டேவிட்டுக்கு வேலை போயிற்று. இரண்டு பிள்ளைகள். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதே காவல்படையின் சட்டை போட்டிருந்தான்.

"வேற எவன்க்கா வேலை குடுக்கறான்?"

கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் மாதச் சம்பளம். கோபப்படும் வசதி எனக்கு இருந்தது.

விசாரணைக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் கோலார் வரை காலியாகவே வந்தது. அன்றைக்கு அழுதேன், அதற்கு முன்னால் அழவில்லை. அதிகாரி கேட்டார்: "துப்பாக்கிச் சத்தம் கேட்டா ஜனங்க ஓடிப்போவாங்க. நீங்க எதுக்கு ஓடி வந்தீங்க? கொள்ளையடிக்கத்தானே?"

"சார், எங்க ஊர்ல சத்தம் வந்த பக்கம்தான் ஓடுவோம். எங்க ஆளுங்க அங்கதான் இருப்பாங்க."

அவர் பேனா அசையவில்லை. "இதைச் சொல்ல வேற யாராவது இருக்காங்களா?"

திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் காவல் கம்பெனி ஆட்களோடு டேவிட் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்ட் என்றால் என்ன என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். தரையைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

இப்போது சுரங்கம் இல்லை, பிளாஸ்டும் இல்லை. ஆனாலும் போன வாரம் டம்மென்று ஒரு சத்தம். ஓடினேன். தெருவில் என் கூட ஒருத்தரும் இல்லை. கதவைக்கூட யாரும் திறக்கவில்லை. பழைய கேட் வரை போய்த்தான் நின்றேன். கேட்டில் டேவிட்.

"லாரி டயர் வெடிச்சதுக்கா. வூட்டுக்குப் போ."

அவனுக்கும் மூச்சு வாங்கியது. அவனும் எங்கிருந்தோ ஓடித்தான் வந்திருக்கிறான். இதை அன்றைக்குக் கோலாரில் எழுந்து சொல்லியிருக்கக் கூடாதா, பாவி?

எண்ணிச் சொல்கிறேன். செத்தவள் ஒருத்தி, லில்லி. அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, அதுவும் போயிற்று. விசாரணைக் காகிதத்தில் அவள் கலகக்காரி. ஐந்து பேர் கமிட்டியில் மிச்சம் நான் ஒருத்தி. தம்பி ஒருவன். உயிரோடு இருக்கிறான், இருந்தாலும் அவனையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். செருப்பு ஒன்று. அதன் ஜோடியை இன்னும் தூக்கிப் போடவில்லை.