நவநாள் பெட்டிச் சீட்டுகள்

இன்ஸ்பெக்டர் சசிரேகா அம்மா அவர்களுக்கு, ஸ்டேஷனில் கொடுத்த பேனா விட்டு விட்டு எழுதுகிறது, அதனால் என் பேனாவிலேயே எழுதித் தருகிறேன். முப்பத்து நான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். அரைகுறை எழுத்து யாருடையதாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. போன மாதம் உங்கள் ரைட்டர் எழுதிக் காட்டியதில் என் பெயரே தப்பு. என் பெயர் பிலோமினா. எங்கள் காலனியில் பிலோமினா டீச்சர் வீடு எது என்று கேட்டால் நடக்கத் தெரியாத குழந்தைகூடக் கை காட்டும்.

நீங்கள் மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, எங்கள் ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உத்திரமேரூர் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் முதலில் ஊர்த் தெரு. அப்புறம் வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது, நடவும் அறுப்பும் ஊர்த் தெருக்காரர்கள் கழனியில்தான். என் அப்பாவை அவர்கள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பது சகாய மாதா கோயில் ஒன்றுதான். அதன் கோபுரத்தை ஊர்த் தெரு மாடியிலிருந்தும் தெரிகிற உயரத்துக்குக் கட்டியவர் முந்தின சாமியார். அவர் பெயரை நான் எழுத மாட்டேன், எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அபிஷேகம் பெற்றவர் பெயரை இப்படி ஒரு காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கோயிலில் எனக்கு இரண்டு பொறுப்பு கொடுத்தார்கள். ஒன்று சனிக்கிழமை முறை. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பெண் பிள்ளைகள் சனிக்கிழமை வந்து சாமியார் பங்களாவைக் கூட்டி, ஞாயிறு பூசைக்குப் பூ கட்ட வேண்டும். எந்த வாரம் எந்தப் பிள்ளைகள் என்று நான் எழுதி ஒட்டுவேன். இன்னொன்று புதன்கிழமை நவநாள். மாதாவிடம் என்ன வேண்டுமோ அதை ஜனங்கள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டிச் சாவி என்னிடம். நவநாள் அன்று ஒவ்வொரு சீட்டாக மைக்கில் நான் படிக்க, "மாதாவே, இந்த விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்று கோயிலே பதில் சொல்லும்.

எருமை சினைப் பிடிக்க வேண்டும், மகனுக்கு ஒரகடம் கம்பெனியில் வேலை நிரந்தரமாக வேண்டும், இப்படித்தான் எழுதுவார்கள். எல்லாவற்றையும் அப்படியே படித்துவிட முடியாது. ஒருத்தி தன் மாமியார் சாக வேண்டும் என்று எழுதியிருந்தாள். 'குடும்பத்தில் சமாதானம் வேண்டி' என்று நான் படித்தேன். எழுதியவளும் மாமியாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பதில் சொன்னார்கள். இதையெல்லாம் நான் பொய் என்று நினைத்ததே இல்லை. கட்டுரை நோட்டைத் திருத்துவதில்லையா, அப்படித்தான். ஆனால் ஒன்று, பெட்டியில் விழுந்த எந்தச் சீட்டையும் நான் படிக்காமல் விட்டதில்லை. மாதாவுக்கு எழுதியதை மறைப்பது பாவம். படித்த சீட்டுகளைக் குப்பையிலும் போடமாட்டேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்து, ஈஸ்டர் இரவு மூட்டும் புதுத் தீயில் எரிப்பது எங்கள் கோயில் வழக்கம்.

ஏஞ்சல் என்னிடம் ஐந்து வருடம் படித்தவள். இப்போது பதிமூன்று வயது, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. செங்கல் சூளைக்குப் போன அப்பன் திரும்பி வரவில்லை. அம்மா தேவகி நடவுக்குப் போகிறவள், வாய் கொஞ்சம் நீளம். போன வருடம் ஜூனில் அந்தச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், மத்த புள்ளைங்க மேலோட்டமா கூட்டிட்டு ஓடிடுதுங்க. ஏஞ்சல் சுத்தமா செய்யுது. இனிமே எல்லா சனிக்கிழமையும் அதையே அனுப்புங்க. தனியா வந்தா போதும்."

ஏன் தனியாக என்று நான் கேட்கவில்லை. சாமியாரை அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. பட்டியலில் மற்றப் பெயர்களை அடித்துவிட்டு அவள் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன். எங்கள் பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் இல்லையா என்று மற்ற அம்மாக்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

ஜூலையில் முதல் சீட்டு வந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள், பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? அந்தக் கையைப் பிடித்து அ, ஆ எழுத வைத்தவளே நான். 'மாதாவே, என்ன சனிக்கிழமை பங்களாவுக்கு அனுப்பாம இருக்கணும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

விஷயம் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று போன மாதம் நீங்கள் கேட்டபோது தெரியாது என்றேன். தெரியும். அந்த ஒரு வரியைப் படித்து முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதாகிறது, இது புரியாத பாப்பா இல்லை நான். பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி போட்டுக் குடித்தேன், பிறகு யோசித்தேன். விஷயம் வெளியே போனால் ஊர்த் தெருவில் என்ன பேசுவார்கள்? இதுங்களுக்குக் கோயில் வேறு ஒரு கேடா என்பார்கள். டீக்கடையில் எங்கள் ஆண்களைப் பார்த்து எகத்தாளமாகச் சிரிப்பார்கள். மூன்று தலைமுறையாக நாங்கள் சம்பாதித்த மரியாதை ஒரே வாரத்தில் காற்றில் போகும். ஒரு தட்டில் இருநூறு குடும்பம், இன்னொரு தட்டில் ஒரு பிள்ளை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

அந்தப் புதன்கிழமை சீட்டை இப்படிப் படித்தேன்: 'ஆலயப் பணி செய்யும் ஒரு சிறுமி, சனிக்கிழமைதோறும் தவறாமல் வந்து ஊழியம் செய்ய நல்ல சுகமும் பலமும் வேண்டி மன்றாடுகிறாள்.' கோயில் முழுவதும் மாதாவைக் கேட்டருளச் சொல்லிப் பதில் சொன்னது. தேவகி குரல்தான் எடுப்பாகக் கேட்டது, அவளுக்கு எதிலும் சத்தம் ஜாஸ்தி. பீடத்திலிருந்து சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த சீட்டை எடுத்துவிட்டேன்.

பிள்ளை வெளியே சொல்ல முயற்சி செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தது என் வாயால்தான். அடுத்த சனிக்கிழமை அவர் அவளை மிரட்டினார் என்று எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதாமே. இருக்கலாம்.

நவம்பர் வரைக்கும் பதினொரு சீட்டு வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். 'அம்மாகிட்ட சொல்ல தைரியம் குடு' என்று ஒன்று. அதை 'பெற்றோருக்குக் கீழ்ப்படியும் வரம் வேண்டி' என்று படித்தேன். 'டீச்சர் தப்பா படிக்கிறாங்க மாதாவே, நான் அப்படி எழுதல' என்று ஒன்று. அதை 'தன் ஆசிரியருக்காக ஜெபிக்கும் ஒரு மாணவி' என்று படித்தேன். கடைசிச் சீட்டில், 'மாதாவே, உனக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?' என்று கேட்டிருந்தாள். 'அறிவும் ஞானமும் வேண்டி' என்று படித்தேன். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவள் பங்களாவுக்குப் போகாமல் ஏரி மதகுமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். நடவிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த தேவகி தேடிக் கண்டுபிடித்தாள். அங்கேயே வைத்து ஏஞ்சல் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். தேவகி நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. காலில் சேறோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், எம் பொண்ணு சீட்டு எய்தி பெட்டில போட்டேன்னு சொல்லுது. பதினோரு தபா போட்டுக்கீது. நீங்க பட்ச்சீங்களா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

"அப்படி எதுவும் வரலியே தேவகி."

"நல்லா ரோசன பண்ணி சொல்லுங்க. உங்க ஒரு வார்த்தைலதான் எம் பொண்ணு நிக்குது."

"பொம்பளப் புள்ள. எதையாவது பாத்துட்டு, எதையாவது பேசும். நீயும் அத்தப் புடிச்சிக்கினு வெளிய சொல்லாத. நாளைக்கு அதுக்கொரு நல்லது கெட்டது ஆவாணாமா?"

"அப்போ எம் பொண்ணுதான் பொய் சொல்லுது இல்ல? இன்னா டீச்சர் இது," என்று மட்டும் கேட்டாள். அப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போனாள். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். சாமியாரைக் கைது செய்தீர்கள், ஜாமீனில் வந்தார், மேற்றிராசனத்து பிஷப் அவரை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்தார். காலனி இரண்டாகப் பிரிந்தது. டீச்சரே சீட்டு இல்லை என்கிறார், பிள்ளை அளக்கிறது என்று பாதிப் பேர் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் ஏஞ்சல் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

தவக்காலத்தில் எங்கள் மனக்காயத்தைக் குணமாக்க மூன்று நாள் தியானம் என்று ஆல்வின் சாமியாரை அனுப்பினார்கள். வயது முப்பதுக்கு மேல் இருக்காது, பேசும்போதே கண் கலங்குகிற ஆள். கடைசி நாள் சாயங்காலம், அவரவர் காயத்தைச் சீட்டில் எழுதி நவநாள் பெட்டியில் போடுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள், பிரித்துப் பார்க்காமல் சிலுவைக்கு முன்னால் எரித்துவிடுவோம் என்றார். அந்த வாரம் திங்கட்கிழமைதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, பழைய சீட்டுகள் எங்காவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அவை கிடைத்தால் பிள்ளை சொல்வதற்குப் பெரிய பலம் என்றீர்கள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, பிஸ்கட் டப்பா என் அலமாரியில் இருந்தது.

பதினொன்றையும் பிரித்தெடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன். எல்லோரும் வரிசையில் போய்ப் போட்டார்கள், நானும் போட்டேன். மற்றவர்கள் ஒரு சீட்டுப் போட்டார்கள், நான் பதினொன்று போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். பெட்டியை ஒரு மண்சட்டியில் கவிழ்த்தார்கள். அதிகம் காயப்பட்டவர்தான் தீ வைக்க வேண்டும் என்று சொல்லி ஆல்வின் சாமியார் மெழுகுவர்த்தியைத் தேவகி கையில் கொடுத்தார். அவள்தான் பற்ற வைத்தாள். கோடு போட்ட தாள் சுருண்டு கருகுவதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். சுற்றி எல்லோரும் பாடிக்கொண்டு அழுதார்கள். எங்கள் ஜனம் ஒன்றாக அழுது நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

பிறகு தேவகி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்கமேல கோவமா இருந்துட்டேன் டீச்சர். மன்ச்சிக்கோங்க," என்றாள். மன்னித்தேன். என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குணமாவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சுகத்தோடு மறுநாள் ஆல்வின் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெளியே சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். வழக்கம்போல ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கடைசியில், "அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு தர முடியாது," என்றார். என் மகன் வயதுகூட இல்லாதவர் என்னிடம் இப்படிப் பேசுகிறார்.

அந்த மன்னிப்பு இல்லாமல் நற்கருணை வாங்கக் கூடாது, நான்கு ஞாயிறு வாங்காமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அதன் கஷ்டம் உங்களுக்குப் புரியாது, நீங்கள் வேறு மதம். வரிசை முழுவதும் எழுந்து போகும், நான் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட வேண்டும். பின்வரிசைக் கனகாவும் அவள் மருமகளும் என்னைப் பார்த்துக் குசுகுசு என்று பேசுகிறார்கள். வரும் ஞாயிறு ஈஸ்டர். அன்றைக்கும் நான் உட்கார்ந்திருந்தால் காலனியே கேட்கும். அதனால்தான் வந்திருக்கிறேன். பயந்து வந்ததாகவோ, யாரோ தூண்டிவிட்டதாகவோ எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே என் கைப்பட எழுதித் தருகிறேன். ஏஞ்சல் பொய் சொல்லவில்லை. பதினொரு சீட்டுகள் எழுதினாள். பதினொன்றையும் நான் படித்தேன், புரிந்துகொண்டேன், மாற்றிப் படித்தேன். முதல் சீட்டுக்குப் பிறகும் ஐந்து மாதம் சனிக்கிழமைப் பட்டியலில் அவள் பெயரை என் கையால் எழுதினேன். நீங்கள் கேட்ட பிறகு, அவை சாட்சியம் என்று தெரிந்தே எரித்தேன். அவள் எழுதிய வரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், பின்தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் காகிதத்தை ஏஞ்சல் கையில் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளை தாங்க மாட்டாள். அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எனக்கு ஆள் அனுப்புங்கள், நானே வந்து படித்துக் காட்டுகிறேன். எதை விட்டுவிட்டு எதைப் படித்தால் அவள் மனம் ஆறும் என்று எனக்குத் தெரியும்.