பூஜ்ஜியத்துக்கு இறக்கிய டார்க் ரெஞ்ச்

கருவிகளைக் கண்போல் காத்தவரே! கறைபடிந்த கைகளுக்கெல்லாம் கனிவோடும் கண்டிப்போடும் கருவி தந்தவரே! செம்பாக்கம் தந்த செல்வமே, தாம்பரம் கார் பணிமனையின் டூல் ரூமை இருபத்தாறு ஆண்டுகள் ஆண்டு இன்று ஓய்வுபெறும் அருள்மேரி அக்காவே! நேராகப் புகழ்ந்தால் கையமர்த்திவிடுவீர்கள். ஆகவே நீங்கள் இங்கே இல்லாதது போலவே சொல்கிறோம்.

மேலாளரே கேட்டாலும், அவர் பெயர் பொறித்த பித்தளை டோக்கன் கருவியின் ஆணியில் தொங்கினால்தான் அக்காவிடம் பேரிங் கழற்றும் புல்லர் கிடைக்கும். எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம் டார்க் ரெஞ்ச். நட்டு போதிய அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் கருவி அது. வேலை முடிந்ததும் பூஜ்ஜியத்துக்கு இறக்கி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

2006 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த அக்கா, அது முறுக்கிய நிலையிலேயே கிடப்பதைக் கண்டார். ஆணியில் மெக்கானிக் ஜெபராஜின் டோக்கன். இந்த வாழ்த்துமடலில் தன் பெயரை எழுதச் சொன்னவரும் அவரேதான். வேறொரு ரெஞ்சோடு ஒப்பிட்டபோது, நட்டு போதிய அளவு இறுகும் முன்பே இது 'டிக்' என்றது. அந்த வாரம் பூட்டிய சக்கரங்கள் எதையும் நம்ப முடியாது.

வண்டிகளை எல்லாம் திரும்ப அழைக்க வேண்டும் என்றார் அக்கா. கம்பெனி பெயர் கெட்டுவிடுமே என்று மேலாளர் ஸ்ரீரங்கன் சார் தயங்கினார்.

"பேரு போனா வேற போர்டு மாட்டிக்கலாம் சார். வண்டியில கொழந்தைங்க போவுது."

சார் போனை எடுத்தார். எல்லா வண்டிகளும் வந்தன, ஒன்றைத் தவிர. புத்தாண்டுக்கு நாகர்கோவில் கிளம்பிய அந்தக் குடும்பம் பெருங்களத்தூர் நெரிசலில் நிற்பதாகப் போனில் சொன்னது. நல்ல ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ஜெபராஜின் பைக்கில் பறந்தார் அக்கா. ஓரங்கட்டிய வண்டியில் முன்சக்கர நட்டு ஒவ்வொன்றும் இன்னும் கால் சுற்று திரும்பியது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் சாலையோரம் உட்கார்ந்து அழுதுவிட்டார். அக்கா திட்டவில்லை. ஆணியிலிருந்து எடுத்து வந்திருந்த டோக்கனை அவர் கையில் வைத்து, பைக்கை எடுக்கச் சொன்னார்.

அன்று முதல், மாலையில் அந்த ரெஞ்சைத் தொட்டுப் பார்க்காமல் அக்கா வீடு திரும்பியதே இல்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும் அப்படித்தான்.

அத்தகைய அக்கா நோய்நொடியின்றி, நிம்மதி நிறைந்து, நெடுங்காலம் வாழ நெஞ்சார வேண்டுகிறோம். டூல் ரூம் சாவி இன்று ஜெபராஜிடம் இருக்கிறது. ரெஞ்சைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறார். இன்று ஒருநாள், தொட்டுப் பார்க்காமலே வீட்டுக்குப் போங்கள் அக்கா.

என்றும் உங்கள் டோக்கனுக்குக் கட்டுப்பட்ட
பணிமனைத் தோழர்கள்
தாம்பரம், 2009