முழு எண்ணிக்கை

பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாகப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். என் கணவர், மகள், நடக்க முடியாத என் அப்பா, நான் ஆக நான்கு பேர் முதல் மாடியில் குடியிருந்தோம். கீழ்த்தளம் மெத்தைக் கடையின் கிடங்கு.

அங்கே பஞ்சு மூட்டைகள் இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஆகவே தொழிற்சாலையில் செய்வதைப் போல வீட்டிலும் தீ ஒத்திகை வைத்தேன். மகள் எனக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர் வைத்தாள். "வீட்டுக்கு வந்தா அந்தத் தொப்பியக் கழட்டி வையேன்" என்று கணவர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் ஒத்திகைக்கு வராமல் இருந்ததில்லை. மகளைப் பின்படி வழியாகக் கூட்டி வருவது என் பொறுப்பு. அப்பாவை முன்படி வழியாகக் கொண்டு வருவது அவர் பொறுப்பு. போர்வையில் படுக்க வைத்து இழுத்து வரும் முறையை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு முறை செய்து பார்த்தோம். கடைசி முறை ஒன்றரை நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். "இடுப்பு பத்திரம் மாப்ள, அப்புறம் உங்கள யாரு இழுக்கறது?" என்று அப்பா சிரித்தார்.

தொழிற்சாலை விதி ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தன் ஆள் வெளியே வந்ததும் பொறுப்பாளர் 'முழு எண்ணிக்கை' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு யாரும் மறுபடி கேட்கக் கூடாது. இதில் நான் ரொம்பக் கறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி வாக்கில் கிடங்கிலிருந்து கரும்புகை வந்தது. நான் சத்தம் போட்டேன். கீழே தெருவாசலில் நின்றிருந்த கணவர் "நான் மேல வந்து மாமாவப் பாத்துக்கறேன், நீ போ" என்றார். அதன் பிறகு நானும் மகளும் பின்படியால் இறங்கி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, வண்டிக்கு வழிகாட்டத் தெருமுனையில் நின்றோம். அங்கிருந்து வீட்டு வாசல் தெரியாது. அதன் பிறகு கணவர் போனில் கூப்பிட்டு "முழு எண்ணிக்கை" என்றார். மூச்சு வாங்கியது, வார்த்தை தெளிவாகத்தான் இருந்தது. நான் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு வண்டி வந்து, அதிலிருந்த தலைமை வீரர் "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார்" என்று சொன்னது நான். ஆகையால் அவர்கள் மாடி ஏறாமல் கிடங்கை அணைக்கத் தொடங்கினார்கள். நான் முனையிலேயே நின்று தெருவுக்குள் வந்த வாகனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். தாத்தாவைப் பார்க்கப் போன மகள் ஓடி வந்து, "அம்மா, அங்க அப்பா மட்டும்தான் நிக்கறார்" என்றாள். வண்டி வந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அதன் பிறகு முகக்கவசம் போட்ட இரண்டு பேர் மேலே போய் அப்பாவைக் கொண்டு வந்தார்கள். அவர் தானாகவே நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் போர்வையை விரித்து, அதன்மேல் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். இழுத்துப் போக ஆள் வரும் என்று நம்பிப் படுத்திருக்கிறார். அடப்பாவி மனுஷா, அவர் உன்னை மாப்பிள்ளை என்றா நினைத்தார், மகன் என்றல்லவா நினைத்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர் என்னிடம், "பாதிப் படியிலயே மூச்சு முட்டிடுச்சு, திரும்பிட்டேன். உண்மையச் சொன்னா நீ உள்ள ஓடியிருப்ப. அதான் சொன்னேன்" என்றார். நான் ஓடியிருப்பேன் என்பது உண்மை. புகைக்குப் பயந்ததையும் நான் குற்றம் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முகக்கவசம் போட்டவர்கள் அவர் கண் முன்னாலேயே பதினோரு நிமிடம் நின்றார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நான் போட்ட விதியை வைத்தே என் வாயை அடைத்து, அப்பா உள்ளே இல்லை என்று என்னையே சொல்ல வைத்தார்.

விசாரணையில், பதற்றத்தில் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லும்படி, "பொண்ணு மூஞ்சிக்காகவாவது" என்று கேட்டுக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'கணவர் தவறுதலாகத் தெரிவித்தார்' என்று ஓரிடத்தில் இருந்தது. 'தவறுதலாக' என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே சரியாக உள்ளன.